சிவப்புப் பை

அந்தப் பலகையைத் தைத்தவள் நான்தான். இந்த விஷயத்தில் யாரைத் திட்டுவதாக இருந்தாலும் முதல் திட்டு எனக்கு விழட்டும். மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

நான் தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவரில் வரிசையாக ஆணி. பள்ளிக்கூடத்துச் சீருடை, பாட்டுக்குழுவின் மேலங்கி, மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மைக்கான வெள்ளைக் கவுன் எல்லாம் என் கைதான். வருடத் தொடக்கத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். சின்னப் பெண். மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு வந்த உற்சாகம் முகம் முழுக்க அப்பியிருந்தது.

"டெய்லரம்மா, இதுக்குப் பேரு மனசுப் பலகை, துணியிலதான் தைக்கணும். பிள்ளைங்க காலைல வந்ததும், அவங்க பேரு எழுதுன கிளிப்ப எடுத்து, அன்னிக்கு மனசு எப்படி இருக்கோ அந்தப் பையில மாட்டணும். பச்சைன்னா சந்தோஷம். நீலம்னா வருத்தம். மஞ்சள்னா பயம். சிவப்புன்னா கோபம்."

"எனக்கெல்லாம் தைச்சா ஒரே பை போதும் டீச்சர், துணி மிச்சமாகும்" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

பாட்டுக்குழு மேலங்கியில் மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டை எடுத்து அந்தப் பையைத் தைத்தேன். நல்ல துணி. மற்ற மூன்றும் சாதாரணப் பருத்தி. கிளிப்புகள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தன.

பக்கத்து வீடு என்றால் ஒரே சுவர்தான் நடுவில். அந்தப் பக்கம் இருப்பவள் லாண்டரியில் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பெரிய லாண்டரி. சூடாகச் சுழல்கிற உருளைக்குள் ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து உள்ளே விடுவது அவள் வேலை. என்னை அக்கா என்பாள். அவள் வீட்டுக்காரர் லாரியில், என் வீட்டுக்காரர் கப்பல் சமையலறையில். ஆக, இரண்டு வீட்டிலும் ஆம்பளைச் சத்தம் விசேஷ நாளில்தான் கேட்கும். அவளுக்கு ஒரு மகள், எனக்கு ஒரு மகள், இருவரும் ஒரே வகுப்பு. என்னுடையது வாய் ஓயாது, கால் தரையில் பாவாது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவளுடையது எண்ணித்தான் பேசும், ஆனால் பிடித்த பிடியை விடாது. அழுத்தக்காரி என்று நான்தான் பேர் வைத்தேன். பிள்ளைகள் லாண்டரி கிளிப்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் 'வெளியே வா' என்று அர்த்தம். அந்தத் தட்டலில் என் சுவரின் சுண்ணாம்பு ஒரு இடத்தில் பெயர்ந்தே போயிருந்தது.

அழுத்தக்காரி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கோயில் மாடியில் புதுநன்மைப் பாட்டுப் பயிற்சி முடிந்து பிள்ளைகள் இறங்கும்போது படியில் உருண்டாள். முன்பல் பாதி உடைந்தது. பால்பல் இல்லை, விழுந்து முளைத்த பல். இனி முளைக்காது. 'விளையாட்டில் தவறி விழுந்துவிட்டாள்' என்று பள்ளி நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

அன்றைக்கு என் மகள் சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். "என்னடி, மனசு சரியில்லையா?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றாள். சினேகிதி விழுந்த கவலையாக்கும் என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு மிஷினுக்கு வந்துவிட்டேன். வேறு ஒன்றுமே கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் சமாதான வட்டம் வைத்தார்கள். அதுவும் பயிற்சியில் கற்றுவந்ததுதான். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, யார் யாருக்குள் மனத்தாங்கலோ அவர்களை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு. நடந்ததைப் பற்றிப் பேசக் கூடாது. மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் ஒருவர் மன்னிப்புக் கேட்க, மற்றவர் 'உன்னை மன்னிக்கிறேன்' என்று சொல்லிக் கட்டிக்கொள்ள, ஒரு சின்ன ஜெபம், ஆளுக்கொரு பச்சை ஸ்டிக்கர். விழுந்தபோது பக்கத்தில் நின்றவள் என்று என் மகளை எதிரே உட்கார வைத்திருக்கிறார்கள். "எனக்கு வருத்தமா இருக்கு, மன்னிச்சிடு" என்று இவள் சொன்னாள். அழுத்தக்காரி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். டீச்சர் கெஞ்சினாள், மூச்சை இழுத்து விடச் சொன்னாள், நான் தைத்துக் கொடுத்த மெத்தையில் அமைதி மூலையில் உட்கார வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை அழுத்தக்காரி தன் கிளிப்பைச் சிவப்புப் பையில் மாட்டினாள். அடுத்த நாளும் சிவப்பு. அதற்கு அடுத்த நாளும் சிவப்பு. வகுப்பில் மற்ற எல்லாக் கிளிப்பும் பச்சையில்தான் தொங்கும். பச்சையில் மாட்டினால்தான் டீச்சர் முகம் மலரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

என் வீட்டுச் சுவரில் சாயங்காலம் ஆனால் வாலு இரண்டு தட்டுத் தட்டுவாள். காதை வைத்துப் பார்ப்பாள். அந்தப் பக்கமிருந்து சத்தமே வராது.

எட்டாவது சிவப்பு நாள், ஒரு புதன்கிழமை, லாண்டரிக்காரி மகளை இழுத்துக்கொண்டு கவுன் அளவு பார்க்க வந்தாள். நான்கு நாளாக விடாத மழை. ஊர் முழுக்க ஈரத்துணி லாண்டரிக்குத்தான் போகும். நின்று நின்று அவள் கால் வீங்கியிருந்தது. முகத்தில் சோர்வையும் மீறிக் கடுகடுப்பு.

"மதர் கூப்பிட்டு விட்டாங்க அக்கா. வேலைக்கு நடுவுல ஓடிட்டு வர்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள இவ மன்னிச்சிட்டேன்னு சொல்லலன்னா ஞாயித்துக்கிழமை வரிசையில நிக்கக் கூடாதாம். மனசுல பகைய வெச்சுக்கிட்டு எப்படிம்மா நன்மை வாங்குவான்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

மதர் என்றால் பள்ளியின் தலைமை. பட்டியல் அவர் கையில்தான்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போயேன்டி" என்றேன் நான். அழுத்தக்காரியை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, கவுனை மாட்டி, விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வளர்கிற பிள்ளை என்று நான்கு விரல் துணியை எப்போதும் உள்ளே மடித்துத்தான் விடுவேன். வாலுவின் கவுனும் பக்கத்து ஆணியில் தொங்கியது. இரண்டுக்கும் உயரத்தில் அரை அங்குலம்தான் வித்தியாசம்.

"கேளு, பெரியம்மா சொல்றாங்க பாரு" என்றாள் லாண்டரிக்காரி. "சொல்லுவியா மாட்டியா? இப்பவே சொல்லு."

"அவ சொல்லட்டும் முதல்ல."

"அவ என்னடி சொல்லணும்? வருத்தமா இருக்குன்னு வட்டத்துல சொல்லிட்டாளாமே."

"என்ன பண்ணினான்னு சொல்லட்டும்" என்றாள் அழுத்தக்காரி. உடைந்த பல்லில் காற்றுப் போய் வார்த்தை சீறிக்கொண்டு வந்தது. "சனிக்கிழமை நாங்க எல்லாரும் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறோம். என்ன பண்ணினோம், எத்தன தடவ பண்ணினோம்னு சொல்லணும்னு சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க. சும்மா வருத்தமா இருக்குன்னு சொன்னா ஃபாதர் விடுவாரா?"

என் வாயில் நாலு ஊசி இருந்தது. எடுத்துவிட்டுக் கேட்டேன். "யாருடி? யாரு என்ன பண்ணினா?"

லாண்டரிக்காரி சட்டென்று, "அவ கெடக்கா அக்கா, ஏதோ உளறுறா" என்று மகளின் வாயைப் பொத்தப் போனாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வாலுதான் என்னத் தள்ளுனா."

எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பிள்ளைமேல்தான் வந்தது. "என் பொண்ணா? வாய அளந்து பேசுடி. உன் கூடவே ஒட்டிக்கிட்டுத் திரியிறவ உன்னத் தள்ளுவாளா?" என்று கத்திவிட்டேன். ஸ்டூலில் நின்ற பிள்ளை கண்கூடச் சிமிட்டவில்லை. தாய்க்காரிதான் பயந்துவிட்டாள்.

"அக்கா, விடுங்கக்கா. அன்னிக்கே என்கிட்ட சொன்னா. நான்தான் வெளிய மூச்சு விடாதன்னு அடக்கி வெச்சேன். பக்கத்து வீடு. தினம் முகத்துல முழிக்கணும். ஒரு காய்ச்சல் தலைவலின்னா நீங்கதான் வந்து நிக்கிறீங்க. சின்னப் பிள்ளைங்க சண்டையில நாம முகத்த முறிச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" பிறகு மகள் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினாள். "சொல்லித் தொலைச்சா என்னடி உனக்கு? நாக்கு தேஞ்சா போயிடும்? நாங்கல்லாம் சொல்லல? நாங்கல்லாம் பொழைக்கல?"

"நீ சொன்ன" என்றாள் பிள்ளை. "கை வெந்தப்போ அவங்க குடுத்த பேப்பர்ல கையெழுத்துப் போட்ட. அப்புறம் வீட்டுல இருந்த தட்டெல்லாம் உடைச்ச."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தக் கையில்தான், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், தோல் வழவழவென்று சுருங்கி மின்னும். நான் தினம் பார்க்கிற தழும்புதான். அது எப்படி வந்தது என்று நானுமே கேட்டதில்லை. லாண்டரி என்றால் சுடத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

லாண்டரிக்காரி கையை மெல்ல இறக்கி, துணிக் குவியல்மேல் உட்கார்ந்தாள்.

"உருளைக்கு முன்னாடி கம்பித் தடுப்பு ஒண்ணு இருக்கும் அக்கா. கை உள்ள போகாம இருக்க. விரிப்பு சிக்குது, வேல சுணங்குதுன்னு அத கழட்டிப் போட்டுட்டாங்க. எனக்குக் கை வேகறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கழட்டினது. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ மேனேஜர் ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு. 'இப்ப எப்படிம்மா இருக்கு? ரொம்பப் பயந்துட்டியா?' அப்படின்னு அவ்ளோ பாசமாக் கேட்டாரு. எப்படி நடந்துச்சுன்னு ஒரு ஆள் கேக்கல. பேப்பர நீட்டுனாங்க. என் கவனக்குறைவுன்னு எழுதியிருந்துச்சு. நல்லாத்தானே பேசுனாருன்னு போட்டுட்டேன்."

"தடுப்ப மாட்டிட்டாங்களா?"

"எங்க மாட்டுனாங்க?" என்றாள். "நேத்துகூட அந்த உருளையிலதான் நின்னேன்."

கவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள். என்னால் மிஷினில் உட்கார முடியவில்லை. உள்ளே போனேன். திரைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வாலு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"என்னடி பண்ணின?"

"எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்றாள். வகுப்பில் பழக்கிய அதே ராகம், அதே அடக்கமான முகம்.

"மனசக் கொஞ்சம் ஓரமா வை. கையால என்ன பண்ணின?"

இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராக நீட்டிக் காட்டினாள்.

"ரெண்டு கையாலயும் தள்ளுனேன். மேல இருந்து மூணாவது படியில."

"எதுக்கு?"

"குள்ளமா இருக்கறவங்கதான் வரிசையில முதல்ல. முதல்ல நிக்கறவ பெரிய மெழுகுவர்த்தி பிடிக்கணும். நாங்க ரெண்டு பேரும் ஒரே உயரம்தான்மா. டீச்சர் ஸ்கேல் வெச்சுப் பாத்து, அவதான் குள்ளம்னு முன்னாடி நிறுத்திட்டாங்க. படியில இறங்கும்போது முன்னாடி அவ தல மட்டும்தான் தெரிஞ்சுது. தள்ளிட்டேன்."

அடித்தேன். முதுகில் இரண்டு வைத்தேன். அவள் அழாததைப் பார்த்துக் கை தானாக நின்றுவிட்டது.

"டீச்சர்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லப் போனேம்மா. அன்னிக்கே போனேன். 'யாரு பண்ணினாங்கன்னு நாம பேசக் கூடாது செல்லம், உன் மனசுல என்ன இருக்கு, அதச் சொல்லு'ன்னாங்க. வட்டத்துலயும் 'நான்தான்'னு ஆரம்பிச்சேன். கைய இப்படித் தூக்கி நிறுத்திட்டாங்க. வருத்தமா இருக்குன்னு சொன்னதும் ரொம்ப நல்லாச் சொன்னன்னு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க." கட்டிலுக்கடியில் குனிந்து, கால் மிதியில் ஒட்டிக் கசங்கிப்போன ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அம்மா, சனிக்கிழமை நான் சொல்லும்போது ஃபாதரும் நிறுத்திடுவாரா?"

தப்புப் பண்ணின பிள்ளை தப்பைச் சொல்ல ஆள் தேடி அலைந்திருக்கிறது. அடிபட்ட பிள்ளை அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறது. நடுவில் உட்கார்ந்து இரண்டு வாயையும் பொத்தியதற்கு மனசுப் பாடம் என்று பேர். அதற்கு வெல்வெட்டில் பை தைத்துக் கொடுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். லாண்டரிக்காரி அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மாற்றக்கூட நேரமில்லாமல் வேலை ஏப்ரனோடு வந்தாள். வகுப்பறைக் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் எங்களுக்கு முழங்கால் முகவாயை இடித்தது. நடுவில் மெழுகுவர்த்தி. சுவரில் நான் தைத்த பலகை. பச்சைப் பையில் கிளிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சிவப்பில் ஒன்றே ஒன்று.

மதர் கோயில் குரலில் ஆரம்பித்தார். "ஞாயிற்றுக்கிழமை ரொம்பப் புனிதமான நாள். இந்தச் சின்ன விஷயத்த இங்கயே விட்டுட்டுப் போகணும்னுதான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். டீச்சர், ஆரம்பிங்க."

டீச்சர் என் மகளைப் பார்த்துப் புன்னகைத்தாள். "சொல்லு செல்லம், உன் மனசுல என்ன இருக்கு?"

வாலு எழுந்து நின்றாள். சீருடையின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டே, "நான்தான் அவள..." என்று ஆரம்பித்தாள். டீச்சரின் கை, பழக்கத்தில், தானாக மேலே எழும்பியது.

நான் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். முரட்டுத்தனம்தான். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த கை என்னுடையது, அவளுக்கு வலித்திருக்கும்.

"கைய இறக்குங்க டீச்சர். பிள்ள பேசட்டும்."

"டெய்லரம்மா, பேரு சொல்லிக் குத்தம் சொல்லிப் பேசுனா பிள்ளைங்க மனசு உடைஞ்சிடும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"பல்லு உடைஞ்சுது டீச்சர்."

"அம்மா, இது கோபப்படற இடம் இல்ல" என்றார் மதர்.

"பின்ன எதுக்கு மதர் கோபத்துக்குன்னு ஒரு பைய என்னத் தைக்கச் சொன்னீங்க? அழகுக்கா?" டீச்சரின் கையை விடாமலே மதர் பக்கம் திரும்பினேன். "ஒரு பக்கம் சிஸ்டர் உக்காந்து, பாவசங்கீர்த்தனத்துல என்ன பண்ணினன்னு ஒண்ணு விடாம சொல்லணும்னு சொல்லிக் குடுக்குறாங்க. இந்தப் பக்கம் நீங்க உக்காந்து, என்ன பண்ணினன்னு மூச்சு விடாதங்கறீங்க. நாளைக்கு இவ கூண்டுல முட்டி போட்டு, 'ஃபாதர், எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு'ன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடவா? ஃபாதரும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடுவாரா? இந்தப் பிள்ள பதினேழு நாளா சொல்ல ஆள் தேடுது. அவ பெத்த தாய் நானே கேக்கல, அந்தச் செருப்படி எனக்குத் தனியா இருக்கு. நீங்க கேட்டிருக்கணுமா இல்லையா?"

டீச்சர் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. கையை என் பிடியிலிருந்து இழுக்கவும் இல்லை. அவள்மேல் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு வரவில்லை.

வாலு சொன்னாள். "நான் ரெண்டு கையாலயும் தள்ளுனேன். மூணாவது படியில. அவ தவறி விழல. முதல்ல நிக்கணும்னு தள்ளுனேன்." பிறகு யாரும் சொல்லிக் கொடுக்காமல், "உன் பல்லு என்னாலதான் போச்சு" என்றாள்.

அழுத்தக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனியால் உடைந்த பல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு "ம்" என்றாள்.

மதர் நிம்மதியாக மூச்சு விட்டார். "நல்லது. கடவுளுக்கு நன்றி. இப்ப நீ சொல்லும்மா, மன்னிச்சிட்டேன்னு."

"இன்னும் இல்ல" என்றாள் அழுத்தக்காரி.

"என்னம்மா இது? அவதான் எல்லாத்தையும் சொல்லிட்டாளே?"

"இப்பதான சொன்னா?" என்றாள் பிள்ளை. முரண்டாகக்கூட இல்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

மதரின் முகம் இறுகியது. "அப்படின்னா ஞாயிற்றுக்கிழமை உன்ன வரிசையில நிறுத்த முடியாது. எனக்கும் சங்கடம்தான். ஆனா பொய்யா ஒரு மனசோட யாரும் அங்க வந்து நிக்கக் கூடாது."

நான் லாண்டரிக்காரியைப் பார்த்தேன். இதற்குப் பயந்துதான் அவள் இரண்டு வாரமாக மகளை உலுக்கிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். லாரிக்காரரும் அந்த ஒரு நாளுக்காகச் சுமையை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு வந்துகொண்டிருந்தார். அவள் எழுந்தாள். ஏப்ரன் பையிலிருந்து கையை எடுத்து, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, மகளின் தோளில் வைத்தாள். தழும்பு பளபளத்தது.

"பொய்யா சொல்லக் கூடாதுன்னுதான் மதர் அவளும் சொல்றா. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம் வாங்கிக்கட்டும். கவுன்ல அக்கா நாலு விரல் மடிச்சு வெச்சிருக்காங்க. பிரிச்சு விட்டா நீளும்."

கதவருகே போனவள் திரும்பினாள். "நாளைக்கு நானும் மேனேஜரப் பாத்து, அந்தத் தடுப்ப மாட்டுங்க, இல்லன்னா உருளையில நிக்க மாட்டேன்னு சொல்லப் போறேன். ரெண்டு வருஷம் லேட்டு" என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. டீச்சர் மட்டும் தலையை ஆட்டினாள்.

நாங்கள் வெளியே வரும்போது மதர் என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சிவப்புப் பையாலதான் இவ்வளவு பிரச்சினை. பலகைய எடுத்துட்டுப் போயி அத மட்டும் பிரிச்சிட்டுக் குடுத்துடுங்க. பிள்ளைங்களுக்கு நல்லத மட்டும் காட்டலாம்."

வாயில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுப் பலகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வாலு கூண்டிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆனது. மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் வந்துகொண்டிருந்தார்கள். வந்ததும் என் காதில், "ஃபாதர் நிறுத்தலம்மா. எத்தன தடவன்னு கேட்டாரு. ஒரு தடவன்னேன்" என்றாள். அந்த இரவு நன்றாகச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கோயில் வாசலில் வெள்ளைக் கவுன்களாக வரிசை. நான் தைத்த இருபத்தேழு கவுனில் ஒன்று குறைந்தது. அழுத்தக்காரி வீட்டுக் கவுனோடு, அப்பா அம்மாவுக்கு நடுவில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்திருந்தார்கள்.

உயர வரிசையில் அவளுக்கு அடுத்தவள் என் மகள். அதனால் பெரிய மெழுகுவர்த்தி இப்போது என் மகள் கைக்கு வந்துவிட்டது. எதற்காகத் தள்ளினாளோ அது. டீச்சர் அதை அவள் கையில் கொடுத்தபோது எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பாட்டு ஆரம்பித்தது. பீடப் பையன்கள் இருவரும் முன்னே நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாலு. ஆனால் அவள் நெருங்கிப் போகவில்லை. ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நடந்தாள். டீச்சர் பக்கவாட்டில் வந்து முதுகில் மெதுவாகத் தட்டி, "முன்னாடி போ, முன்னாடி போ" என்றாள். வாலு போகவில்லை. பீடப் பையன்கள் நின்றால் இவளும் நின்றாள், நடந்தால் நடந்தாள். மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்துக்கொண்டு, காலியான அந்த இடத்தைக் குறைக்கவும் விடாமல் கூட்டவும் விடாமல், கோயிலின் இந்தக் கோடியிலிருந்து பீடம் வரைக்கும் கொண்டுபோனாள். போட்டோக்காரன் எரிச்சலோடு கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எல்லாப் படத்திலும் அந்த ஓட்டை விழுந்திருக்கிறது.

கடைசி பெஞ்சில் ஒரு சின்ன உருவம் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தது. அவள் அம்மா உட்காரச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பலகையை மேசையில் விரித்துப் போட்டு, தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தேன். சிவப்புப் பையின் மேல் மூலையில் முதல் தையலைத் தூக்கும்போது சுவரில் சத்தம் கேட்டது.

தட்டு. ஒன்றுதான். இரண்டாவது வருமா என்று நானும் வாலுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். வரவில்லை.

"ஒண்ணு தட்டுனா என்னடி அர்த்தம்?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. இதுவரைக்கும் ஒண்ணு தட்டுனதே இல்ல" என்றாள். சுவருக்குப் பக்கத்தில் போய், பெயர்ந்த சுண்ணாம்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அவளும் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் கத்தியை வைத்துவிட்டு, ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து, அந்தப் பையைச் சுற்றி இன்னொரு வரிசை நெருக்கமாகத் தைத்தேன். திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். மதர் பார்த்துவிட்டு, "பிரிக்கச் சொன்னேனே?" என்றார்.

"முயற்சி பண்ணினேன் மதர். என் தையல் கொஞ்சம் கெட்டி" என்றேன்.